கிராமத்தில் நிலமா, நகரத்தில் வீடா? முதல்முறை சொத்து வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

கையில் முப்பது, நாற்பது லட்சம் சேர்ந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. தாம்பரம் தாண்டி ஒரு சின்ன ஃபிளாட் வாங்குவதா, அதே பணத்தை வந்தவாசி, செய்யாறு பக்கம் நிலத்தில் போடுவதா? பெரியவர்கள் மண்தான் நிற்கும் என்பார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் மாதாமாதம் வாடகை வருமே என்பார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் ஏக்கர் விலையையும் சதுர அடி விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் முடிவு கிடைக்காது. கிராமத்து நிலத்தின் மதிப்பு அதற்குப் போகும் பாதையிலும் கிடைக்கும் தண்ணீரிலும் இருக்கிறது. நகரத்து வீட்டின் மதிப்பு கட்டட அனுமதியிலும் அடிமண்ணில் உங்களுக்கு எழுதித் தரும் பங்கிலும் இருக்கிறது. இந்த நான்கையும் எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் வாங்குபவருக்கு. பக்கத்து மாநிலங்களில் சட்டம் வேறு.

1. பணம் எப்போது திரும்ப வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஐந்து வருடத்தில் பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு இந்தப் பணம் வேண்டுமென்றால் கிராமத்து நிலம் வேண்டாம். விற்க நினைத்த மாதமே ஆள் கிடைக்காது. ஊரில் வாங்கக்கூடியவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், உங்களுக்கு அவசரம் என்று தெரிந்தால் விலையையும் அவர்களே சொல்வார்கள். நகரத்தில் பத்திரம் சுத்தமாக உள்ள வீடு அதைவிடச் சீக்கிரம் கைமாறும்.

வருமானத்தையும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 40 லட்சத்து ஃபிளாட்டுக்கு மாதம் 10,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,20,000. அதாவது 3 சதவீதம். சொத்துவரி, பராமரிப்புக் கட்டணம், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் போனால் இன்னும் குறையும். ஏக்கர் 30 லட்சம் என்று வாங்கிய நிலத்தை வருடம் 20,000 ரூபாய்க்குக் குத்தகைக்கு விட்டால் அது 1 சதவீதம்கூட இல்லை. ஆக, விவசாயம் நீங்களே பார்க்காதவரை கிராமத்து நிலம் மாத வருமானத்துக்கான வழி அல்ல. பத்து, பதினைந்து வருடம் அந்தப் பணத்தைத் தொட வேண்டியதில்லை, ஊரோடு ஒரு தொடர்பு இருக்கிறது, ஆடி மாதம் ஒரு தடவை, தை மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க முடியும் என்பவர்களுக்கே அது பொருந்தும்.

வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டப்படி அவர்கள் இங்கே வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பூர்வீகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

2. விலைக்கு மேலே ஆகும் செலவைக் கணக்கில் எடுங்கள்

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9. 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. பழைய ஆட்கள் 11 சதவீதம் என்று சொல்வது அதனால்தான். அப்போதே வழிகாட்டி மதிப்பும், அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் விலையும், உயர்த்தப்பட்டது. பத்திரத்தில் எழுதும் தொகை, வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் தீர்வை. பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து இந்த மதிப்பை இலவசமாகப் பார்க்கலாம். 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்குத் தீர்வைக் கணக்கு கொஞ்சம் மாறும், அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 45 லட்சத்துக்கு உட்பட்ட, பரப்பளவு வரம்புக்குள் அடங்கும் சின்ன வீடு என்றால் 1 சதவீதம். கட்டி முடித்ததற்கான முடிவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கும், நிலத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது.

வீட்டுக்கு வங்கி கடன் தரும். 30 லட்சம் வரையான கடனில் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், 75 லட்சம் வரையானதில் 80 சதவீதம் வரையிலும் தர ரிசர்வ் வங்கி விதி அனுமதிக்கிறது. விவசாய நிலத்துக்கு வீட்டுக் கடன் கிடைக்காது, முழுத் தொகையும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வாங்கிய பிறகு வேலி, கல்கால், போர், மோட்டார், கேபிள், பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்று செலவு தொடரும். வேலி போடாமல் இரண்டு மூன்று மழைக்காலம் விட்டால் சீமைக் கருவேலம் மண்டிவிடும். அதை வேரோடு எடுக்க ஜேசிபி வாடகை தனி.

3. நிலத்தின் வகையை ஆவணத்தில் பாருங்கள்

அளவில் தொடங்குவோம். ஒரு ஏக்கர் 100 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னையில் பேசும் கிரவுண்டு 2,400 சதுர அடி. தஞ்சைப் பக்கம் மா என்பார்கள், அது 100 குழி, ஏறக்குறைய 33 சென்ட். பட்டாவில் இவை எதுவும் இருக்காது, ஹெக்டேரில்தான் இருக்கும். 0.40.50 என்று போட்டிருந்தால் அது ஒரு ஏக்கர். தரகர் சொன்ன சென்ட்டும் பட்டாவில் உள்ள ஹெக்டேரும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பெருக்கிப் பாருங்கள். 2.47-ஆல் பெருக்கினால் ஏக்கர் வந்துவிடும்.

அடுத்து அரசின் இ-சேவை இணையதளத்தில் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) நான்கையும் எடுங்கள். பட்டா யார் பெயரில் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். 'அ' பதிவேட்டில்தான் அது நன்செயா, புன்செயா, அரசுப் புறம்போக்கா என்று தெரியும். குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். நிபந்தனைப் பட்டா, பூதானம் (பூமிதான இயக்கத்தில் தானமாக வந்த நிலம்), கோவில் நிலம், பஞ்சமி என்ற விவரம் பெரும்பாலும் அங்கேதான் ஒரு சொல்லாக ஒளிந்திருக்கும்.

பஞ்சமி நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1892-இல் தொடங்கி அன்றைய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. அந்த மக்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். எத்தனை கை மாறியிருந்தாலும், எத்தனை பத்திரம் பதிவாகியிருந்தாலும் அந்த நிபந்தனை அழியாது. "முப்பது வருஷமாக யாரும் கேட்கவில்லை" என்று விற்பவர் சொல்லலாம். கேட்கும் நாள் வந்தால் மண்ணும் போகும், பணமும் போகும். அதைவிட முக்கியமாக, அது இன்னொருவர் பிழைப்புக்காக ஒதுக்கிய மண். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

"பண்ணை மனை" என்று 10 சென்ட், 20 சென்ட்டாகப் பிரித்து விற்பதிலும் கவனம் தேவை. அது விவசாய நிலமாகவே இருக்கும், அங்கீகரித்த மனைப்பிரிவாக இருக்காது. வார இறுதிக்கு வீடு கட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்குப் பின்னால் அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சந்தனம், தேக்கு, செம்மரம் வைத்துத் தருகிறோம், இத்தனை வருடத்தில் இத்தனை லட்சம் என்ற வாக்குறுதி தொண்ணூறுகளில் தேக்குத் திட்டங்களாக வந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்தது. இன்று அதே வாக்குறுதி புதுப் பெயரில் வருகிறது.

மனையாக வாங்குவதென்றால் டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது எட்டு அலகுக்கு மேல் உள்ள திட்டம் ரேரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு ரேரா இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள், துண்டறிக்கையில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். ஒப்புதல் இல்லாத மனை என்றால் 2016 அக்டோபர் 20 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அதற்கு முன் மனையாகப் பதிவானவற்றைத்தான் வரன்முறைப்படுத்த 2017-இல் விதி வந்தது.

4. பத்திரங்களை வரிசைப்படுத்துங்கள்

பட்டா இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். பட்டா வருவாய்த்துறை ஆவணம். உரிமையைச் சொல்வது பத்திரம். 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் எனும் நில ஆவண மேம்பாட்டுப் பணியில் ஒருவர் நிலம் இன்னொருவர் பெயருக்குப் போன கதை எல்லா வட்டத்திலும் உண்டு. அதனால் மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள், அந்தச் சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல் அது. இணையத்திலேயே கிடைக்கும்.

ஆனால் வில்லங்கச் சான்றில் வராதவைதான் பின்னாளில் கழுத்தைப் பிடிக்கும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, குத்தகைக்காரர், நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதுவும் அதில் தெரியாமல் போகலாம். நிலத்தை யாராவது குத்தகைக்கோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு) உழுதுகொண்டிருந்தால் அவருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு உண்டு. நீங்கள் பத்திரம் முடித்துவிட்டதால் அவரை எழுப்பிவிட முடியாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் குத்தகைப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிட, நிலத்தில் நிற்கும் பயிர் யாருடையது என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கலும் ஓரளவு சொல்லும்.

கிராமத்துப் பூர்வீகச் சொத்தில் அடிக்கடி விடுபடுவது பெண்பிள்ளைகளின் கையெழுத்து. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டு விற்பார்கள், கட்டிக்கொடுத்த அக்கா தங்கைக்குச் சொல்லாமல். தமிழ்நாட்டில் 1989-இலேயே மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் உரிமை வந்தது. அன்று அது திருமணமாகாதவர்களுக்குத்தான். 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு எல்லா மகள்களுக்கும் ஆனது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வாரிசுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு கையெழுத்தோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று எண்ணுங்கள். வாங்குபவரின் பாதுகாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்பதும் நம் பொறுப்புதான். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி கேளுங்கள்.

பவர் பத்திரத்தை வைத்து விற்பவரிடம், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையா என்று உறுதி செய்யுங்கள். முடிந்தால் அவரிடமே பேசிவிடுங்கள். பவரை மட்டும் எழுதிக்கொண்டு சொத்தை வாங்கியதாக நினைக்கவே வேண்டாம், அது உரிமை தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது.

இத்தனையையும் விற்பவருக்கும் தரகருக்கும் தொடர்பில்லாத ஒரு வக்கீலிடம் கொடுத்துக் கருத்துரை வாங்குங்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

5. கிராமத்தில்: பாதையையும் தண்ணீரையும் நேரில் பாருங்கள்

பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் இருக்கும். பெரும்பாலோர் அவசரமாகத் தாண்டிப் போகும் பகுதி. அங்கே இப்படி இருக்கும்: "புன்செய் ஏக்கர் 2.40-ல் வடபுறம் ஏக்கர் 1.20-க்கு எல்லையாவது, ஓடைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு... மேற்படி கிணற்றில் நாலில் ஒரு பாகமும், மின் மோட்டார் பொதுவில் நாலில் ஒரு பாகமும், மேற்படி நிலத்துக்குப் போகவர மாமூல் வண்டிப்பாதை பாத்தியமும் உள்பட." இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு உண்டு. கடைசி வரி இல்லையென்றால், இன்று நீங்கள் காரில் போய் இறங்கிய அதே தடத்தில் நாளைக்குப் பக்கத்து வயல்காரர் கல் நட்டுவிடலாம். "எல்லாரும் இப்படித்தான் போவோம்" என்று ஊரில் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் அது உங்களுக்கு முன்னால் இருந்தவருக்குக் கொடுத்த உறவுமுறைச் சலுகையாக இருக்கலாம். அவர் மாமன் மச்சான், நீங்கள் வெளியூர்.

பாதை அரசுப் புறம்போக்கு என்றால் புலப்படத்தில் அதற்கென்று தனி எண் இருக்கும். அந்தப் புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தார்ச்சாலையிலிருந்து நிலம் வரை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் அது பட்டா நிலத்துக்குள் நுழைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நுழைந்தால் அந்த நிலக்காரர் உங்களுக்குத் தரும் பாதைப் பாத்தியம் (உரிமை) எழுத்தில் வேண்டும். கிடைக்காவிட்டால் எத்தனை நல்ல மண்ணாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது. என் கணிப்பில் கிராமத்து நிலத்தைப் பொறுத்தவரை இதுதான் முதல் கேள்வி, விலை இரண்டாவது.

தண்ணீரைப் பார்க்கச் சித்திரை, வைகாசியில் போங்கள். ஐப்பசி மழையில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். கோவை, ஈரோடு, தர்மபுரி மாதிரி அடியில் பாறையாக உள்ள பகுதிகளில் ஆயிரம் அடி போட்டும் காற்று மட்டும் வந்த போர்கள் உண்டு. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் குறுவட்டம் (ஃபிர்கா) வாரியாக மதிப்பிட்டு வகைப்படுத்துகிறார்கள். நீங்கள் பார்க்கும் குறுவட்டம் அதிகமாக நீர் உறிஞ்சப்பட்ட பட்டியலில் இருந்தால் பேசும் விலை குறைய வேண்டும். விவசாய மின் இணைப்பு இருக்கிறதா, யார் பெயரில், பெயர் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். புது இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். அதனால் இணைப்போடு வரும் நிலத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

முன்பணம் கொடுக்கும் முன் அரசு சர்வேயரை வைத்து அளந்து அத்து (எல்லை) காட்டச் சொல்லுங்கள். பக்கத்து நிலக்காரர்களையும் அன்று வரச் சொல்லுங்கள். அவர்கள் முன்னால் கல் நட்டால் பிறகு தகராறு வராது, வந்தாலும் சாட்சி இருக்கும். அப்படியே நாலு வார்த்தை பேசிப் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளப்போவது அவர்கள்தான்.

6. நகரத்தில்: அனுமதியும் அடிமண் பங்கும்

ஃபிளாட் விளம்பரத்தில் 1,000 சதுர அடி என்பார்கள். உங்களுக்குப் பத்திரத்தில் வருவது கட்டடம் நிற்கும் மண்ணில் ஒரு பிரிபடாத பாகம், அதைப் பேச்சில் யுடிஎஸ் என்பார்கள். இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில் ஒரே அளவில் 12 வீடு என்றால் ஆளுக்கு 400 சதுர அடி மண். அதைவிடக் குறைவாக எழுதினால் மீதி யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். கட்டடம் வருடா வருடம் பழசாகும், மண்தான் விலை ஏறும். முப்பது வருடத்துக்குப் பிறகு இடித்துக் கட்டும்போது உங்கள் பேச்சுக்கு எடை தருவது இந்தப் பங்குதான். பழைய ஃபிளாட் வாங்கும்போது இதை இன்னும் கூர்ந்து பாருங்கள். பல சமயம் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் புது உயர்மாடிக் குடியிருப்பைவிட யுடிஎஸ் அதிகம் இருக்கும்.

அனுமதி வரைபடத்தை வாங்கி மாடிகளை எண்ணுங்கள். அனுமதி இரண்டு மாடிக்கு, நிற்பது மூன்று மாடி என்றால் அந்த மேல்மாடி வீடு வேண்டாம். முடிவுச் சான்றையும் கேளுங்கள், பல கட்டடங்களில் மின்சாரமும் குடிநீரும் அதோடு கட்டுண்டவை.

கிராமத்துக்குக் கோடையில் போகச் சொன்னேன். நகரத்துக்கு நவம்பர், டிசம்பரில் போங்கள். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் எப்படி இருந்தன என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும். தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டி, தண்ணீர் எது வரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய மனை, ஏரிக்கரை மனை, "லேக் வியூ" எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான். கோடையில் லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்பதையும் அங்கே குடியிருப்பவரிடமே கேட்டுவிடுங்கள்.

7. விற்கும் நாளில் வரும் வரி

கிராமத்து விவசாய நிலத்துக்கு உள்ள பெரிய அனுகூலம் இது. ஊரகப் பகுதியில் உள்ள விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. எது ஊரகம் என்பதற்கு அளவு உண்டு. நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளக்கிறார்கள். மக்கள்தொகை 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு வெளியே இருந்தால் ஊரகம். நிலத்தில் விவசாயம் நடந்ததற்கு அடங்கல் சாட்சி, அதனால் வருடா வருடம் அதில் பயிர் பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு, மனை என்றால் 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்கும் லாபத்துக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். வாங்கும்போது விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் நீங்கள் 1 சதவீதம் வரிப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். ஊரக விவசாய நிலத்துக்கு அது இல்லை.

8. முன்பணம், பதிவு, அதற்கு அப்புறம்

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், வெள்ளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறினால் வருமான வரிச் சட்டப்படி அபராதம் உண்டு. ஒப்பந்தத்தில் கெடு தேதி, அளவு குறைந்தால் விலையை எப்படிக் குறைப்பது, எந்தெந்த அசல் பத்திரம் தருவார்கள் என்று மூன்றையும் எழுதுங்கள். பதிவுக்கு முந்தைய நாள் வில்லங்கச் சான்றை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் நடுவில் எதுவும் ஏறியிருக்கக் கூடாது.

பத்திரம் முடிந்ததும் பட்டா. முழுப் புலத்தையும் வாங்கியிருந்தால் பட்டா மாறுதல் தானாகவே நடந்துவிடும், நடந்ததா என்று மட்டும் இணையத்தில் பாருங்கள். ஒரு பகுதியை வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும். சர்வேயர் வந்து அளந்து, புது உட்பிரிவு எண் விழுந்து, புலப்படத்தில் கோடு ஏற வேண்டும். இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று போட்டு வைத்து, விற்கும் சமயத்தில் அலைபவர்கள்தான் அதிகம். பதிவு முடிந்த வாரத்திலேயே பின்தொடருங்கள். நகரத்தில் சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

பிறகு வருடத்துக்கு ஒரு நாள் இதற்கென்று ஒதுக்குங்கள். வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்துப் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். தீர்வை, வரி ரசீதுகளை ஒரே கோப்பில் சேருங்கள். கிராமத்து நிலம் என்றால் அதே நாளில் நேரில் போய் நான்கு மூலைக் கல்லையும் பார்த்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கல் ஒன்று இடம் மாறியிருந்தால் உடனே அளக்க விண்ணப்பியுங்கள்.